கடிக்கட்டும், ஆனால் எதை?

கேள்வி: டாக்டர், எங்கள் ஜாக்கிக்கு 9 மாதம் ஆகிறது. ஆண் லாப்ரடார். இரண்டு மாதக் குட்டியாக வந்தான். பல் முளைக்கிற வயது, ஆறு மாதம் தாண்டினால் கடிப்பதை விட்டுவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். விடவில்லை, அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. இதுவரை நான்கு ஜோடி செருப்பு, சோபாவின் ஒரு மூலை, சாப்பாட்டு மேசையின் இரண்டு கால்கள், சார்ஜர் வயர், போன வாரம் டிவி ரிமோட். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமியார் காலை பத்து மணி வரை வீட்டில் இருப்பார், பிறகு பேரனைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவார். நான் இரண்டு மணிக்குத்தான் திரும்புவேன். அந்த நான்கு மணி நேரம் ஜாக்கி தனியாக இருப்பான். மாலையில் கணவர் ஒரு மணி நேரம் பந்து எறிந்து விளையாட்டுக் காட்டுகிறார். அப்படியும் எட்டு மணிக்கு மேல் பேய் பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடி, வாயில் சிக்கியதையெல்லாம் கடிக்கிறான். கணவர் பேப்பரைச் சுருட்டி அடிக்கிறார். தப்பு செய்தது அவனுக்கே தெரிகிறது, நாங்கள் உள்ளே நுழைந்ததும் தலையைக் குனிந்துகொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். ஆனால் மறுநாள் அதே கதைதான். கசப்பு ஸ்ப்ரே அடித்தோம், அதையும் நக்கிவிட்டான். பழைய செருப்பு ஒன்றை அவனுக்கே கொடுத்தும் பார்த்தோம். வாசல் கதவின் கீழ்ப்பக்கத்திலும் கொஞ்சம் பிராண்டி வைத்திருக்கிறான். கருத்தடை செய்தால் அடங்குவானா? யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. சோபாவுக்குப் புது உறை தைக்கலாமா, வேண்டாமா என்றாவது சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம்

பதில்: சோபாவைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றது ரிமோட்டில். அதை அவன் வாயிலிருந்து எடுத்தபோது பேட்டரி இரண்டும் இருந்தனவா, எண்ணிப் பார்த்தீர்களா? போன வாரம் நடந்தது என்கிறீர்கள். இன்றுவரை நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிறான் என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் ஒரு பேட்டரி கணக்கில் வரவில்லை என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பேட்டரியில் பல் இறங்கினால் உள்ளிருக்கும் திரவம் வாயையும் உணவுக்குழாயையும் அரிக்கும். பொத்தான் மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரி இன்னும் மோசம், உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும். எதையோ விழுங்கிவிட்டான் என்ற சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கிற பொருள் திரும்பி வரும் வழியில் இன்னொரு முறை சுடும். உப்பும் அளவு மீறினால் நாய்க்கு விஷம்தான்.

வயரும் அப்படித்தான். மின்சாரம் ஓடுகிற வயரைக் கடித்த நாய் அப்போதைக்கு ஒன்றும் ஆகாத மாதிரி வாலாட்டும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். அதனால் அவன் எட்டும் உயரத்தில் சுவிட்ச் போட்ட சார்ஜர் எதுவும் இன்று முதல் தொங்கக் கூடாது. நான் கீழே சொல்லப்போவதெல்லாம் பலன் கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். இது மட்டும் இன்றைக்கே.

சரி, பல் விஷயம். நாய்க்குட்டிக்குப் பால்பல் 28. மூன்று, நான்கு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். ஜாக்கிக்கு 9 மாதம் என்றால் பல் முளைக்கிற கட்டம் முடிந்துவிட்டது. ஈறு ஊறலால் அவன் கடிக்கவில்லை. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொன்னார்கள். மீதிப் பாதி, அதற்குப் பிறகு விடலைப் பருவம் என்று ஒன்று ஆரம்பிக்கிறது என்பது. உடம்பு பெரிய நாய், தாடையில் பெரிய நாயின் பலம், மூளை மட்டும் இன்னும் குட்டி. பெரிய வகை நாய்களுக்கு இந்தக் காலம் ஒன்றரை வயது, சிலவற்றுக்கு இரண்டு வயது வரைகூட நீளும். லாப்ரடார் அதிலும் தனி ரகம். சுட்டு வீழ்த்திய பறவையை வாயில் கவ்விக் கொண்டுவந்து எஜமானிடம் கொடுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது. உலகத்தை வாயால் பிடித்துப் பார்ப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது.

ஆகவே கடிப்பதை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எதையாவது கடித்துக்கொண்டு படுத்திருக்கும் நாயைப் பாருங்கள். கண் பாதி மூடியிருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும். நமக்குக் காலை நீட்டி உட்கார்ந்து இளைப்பாறுவது எப்படியோ, அதற்குக் கடிப்பது அப்படி. எதைக் கடிக்கிறது, எப்போது கடிக்கிறது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த ‘எப்போது’ என்பதில்தான் உங்கள் வீட்டுக் கதை இருக்கிறது. ஒரே பிரச்சினை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு தெரிகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் கடிப்பது ஒன்று, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் கடிப்பது வேறொன்று. முதலாவதற்குச் செய்கிற வைத்தியம் இரண்டாவதற்குப் பலிக்காது.

எட்டு மணிக் கூத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் பந்து எறிந்த பிறகும் அடங்கவில்லை என்றால் இன்னும் ஓட்டம் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். அடுத்த வாரம் ஒன்றே கால் மணி நேரம், அதற்கடுத்த வாரம் ஒன்றரை. விளைவு, ஒன்றரை மணி நேரம் ஓடக்கூடிய நாய் ஒன்றைத் தயார் செய்துவிடுவீர்கள். விளையாட்டு வீரருக்குப் பயிற்சி கொடுப்பது போலத்தான் இதுவும். பந்தைத் துரத்துவது நாயை அமைதிப்படுத்தும் விளையாட்டு அல்ல, ஒவ்வொரு எறிதலிலும் வெறி ஏறும். அது தணிவதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறீர்கள். அதோடு ஜாக்கிக்கு எலும்பு நுனிகள் இன்னும் முழுதாக மூடவில்லை. திரும்பத் திரும்பப் பாய்ந்து நிற்பதும், அந்தரத்தில் துள்ளிப் பிடிப்பதும் லாப்ரடாரின் இடுப்பு மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் நல்லதல்ல. அந்த இரண்டு மூட்டிலும் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே கோளாறு வர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, தூக்கம். வளர்ந்த நாயே ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும். ஜாக்கி வயதில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். உங்கள் வீட்டில் மாலை ஐந்து மணியிலிருந்து ஆள் நடமாட்டம், டிவி, பந்து, சாப்பாடு என்று அவன் கண்ணை மூட வாய்ப்பே இருந்திருக்காது. தூக்கம் கெட்ட கைக்குழந்தை எப்படி இருக்கும்? சிணுங்கும், உதைக்கும், தூங்க மட்டும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எட்டு மணிக்கு ஜாக்கி செய்வது கிட்டத்தட்ட அதுதான். சக்தி மிஞ்சிப்போய் ஓடுகிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அவன் அசதியில் ஓடுகிறான் என்றே படுகிறது.

எனவே கணவரிடம் பந்தை ஐந்தாறு எறிதலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்ச நேரத்தில் தளர்வான கயிற்றில் நடக்க விடுங்கள். எங்கே நிற்கிறானோ அங்கே நீங்களும் நில்லுங்கள், எதை முகர்கிறானோ முகரட்டும். ஒரு புதரை மூன்று நிமிடம் முகர்ந்தால் இழுக்காதீர்கள். நமக்குச் சும்மா நிற்பது போலத் தெரியும், அவன் அங்கே ஒரு முழுச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறான். மூக்குக்கு வேலை கொடுத்த நாய் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டையைப் போல விழும். ஏழு மணி வாக்கில் விளக்கு மங்கலான அறையிலோ தடுப்புக்குள்ளேயோ, கடிப்பதற்கு ஒரு சாமானோடு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். யாரும் போய்க் கொஞ்ச வேண்டாம், கூப்பிட வேண்டாம். முதல் இரண்டு நாள் முனகுவான். முனகல்தான் என்றால் பரவாயில்லை, பதறிக் கத்தினால் தடுப்புக்குப் பக்கத்திலேயே நீங்களும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.

கடிப்பதற்கு எதைக் கொடுப்பது? நிறைய வீடுகளில் ஒரு கூடை நிறைய பொம்மை இருக்கும், நாய் மேசைக்காலைக் கடித்துக்கொண்டிருக்கும். பொம்மை இல்லாததல்ல காரணம், அந்தப் பொம்மைகள் அதற்குச் சலித்துப்போனதுதான். நான்கை மட்டும் வெளியே வைத்து மற்றதை எடுத்து ஒளித்துவையுங்கள், மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். அப்புறம், அவன் ஏற்கெனவே எதைக் கடித்திருக்கிறான் என்று பாருங்கள். அவன் ருசி அதில் எழுதியிருக்கிறது. சோபா மூலையைப் பிய்த்தவனுக்குக் கிழிப்பதில் சுகம். அவனுக்கு அட்டைப்பெட்டி கொடுங்கள். டேப், பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவன் தினமும் தின்னும் தீனியில் ஒரு கைப்பிடியை உள்ளே போட்டு மடித்து வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் அறை முழுக்க அட்டைத் துணுக்கு பறக்கும். பறக்கட்டும், கூட்டிப் பெருக்கினால் போகிறது. மேசைக்காலைக் கடித்தவனுக்குக் கெட்டியான, பல்லுக்கு ஈடு கொடுக்கிற பொருள் வேண்டும். நடுவில் குழியுள்ள தடித்த ரப்பர் பொம்மைதான் என் தேர்வு. தீனியை நனைத்துக் குழைத்து உள்ளே அடைத்து, உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கிக் கொடுத்தால் அரை மணி நேரம் அவனைக் காணாமல் போகச் செய்யும்.

அளவில் கவனம். உள்ளே அடைப்பதெல்லாம் அவனுடைய அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, போதும் என்ற உணர்வைத் தருகிற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பசி அடங்காத ஜாதி என்று நாம் கிண்டலாகச் சொல்வதில் கொஞ்சம் உயிரியலும் இருக்கிறது. என்னைக் கேட்டால் தட்டில் கொட்டுவதையே பாதியாகக் குறைத்துவிடலாம். மீதிப் பாதியை அட்டையிலும் ரப்பரிலும் புல்தரையில் தூவியும், அவன் தேடிச் சம்பாதிக்கட்டும்.

கொடுக்கக் கூடாதவை சில உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியவில்லை என்றால் அந்தப் பொருள் நாய்ப் பல்லுக்கு அளவுக்கு மீறிக் கெட்டி. மான்கொம்பு, குளம்பு, கல் எல்லாம் இதில் அடங்கும். மேல்தாடையில் இருபுறமும் கத்தி மாதிரி பெரிய பல் ஒன்று இருக்கும், அது ஒரு சில்லுப் பெயர்வது போல உடைந்து வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சமைத்த எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்தும். முறுக்குக் கயிறு பொம்மையைக் கண் முன்னால் மட்டும் கொடுங்கள், நூல் பிரிய ஆரம்பித்தால் தூக்கி எறியுங்கள். பதப்படுத்திய தோலில் செய்த கடிசாமான் ஊறிச் சின்னத் துண்டானதும் அப்படியே விழுங்கப் பார்ப்பான், அதற்குள் வாங்கிவிட வேண்டும்.

பழைய செருப்பைக் கொடுத்ததில்தான் நீங்கள் உங்களுக்கே குழி வெட்டிக்கொண்டீர்கள். இது பழசு, அது போன வாரம் வாங்கியது என்று ஜாக்கிக்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் ஒரே தோல், ஒரே ரப்பர், ஒரே உங்கள் வியர்வை மணம். செருப்பு கடிக்கத் தகுந்த பொருள் என்று நீங்களே பாடம் நடத்தியிருக்கிறீர்கள். வாசலில் கதவு உள்ள ஓர் அலமாரி, அதற்குள் செருப்பு. அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாய்களுக்கு ஆலோசனை சொல்லிப் பத்து வருடம் ஆன பிறகு, கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன என் மூக்குக்கண்ணாடியை என் வீட்டு நாய் தின்றது. தப்பு யாருடையது என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்போது கணவரின் பேப்பர்ச் சுருளுக்கு வருகிறேன். தலையைக் குனிந்து மேசைக்கு அடியில் போவதை, தப்பை உணர்ந்துவிட்டான் என்று படிக்கிறீர்கள். இதை நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்திருக்கிறார், 2009இல், 14 நாய்களை வைத்து. தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். சில முறை நாய் தின்றிருக்கும், சில முறை தின்றிருக்காது. ஆனால் தின்றது, தின்னவில்லை என்று உரிமையாளருக்குச் சில முறை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். கடைசியில் அந்தக் குற்றவாளி முகம் வந்தது தின்ற நாய்க்கு அல்ல, திட்டு வாங்கிய நாய்க்கு. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அழுத்தமாக இருந்தது. ஜாக்கி காட்டுவதும் உங்கள் முகத்தையும் நடையையும் குரலையும் பார்த்து வருகிற பயம். பன்னிரண்டு மணிக்குக் கடித்த சோபாவையும் இரண்டு மணிக்கு விழும் அடியையும் அவனால் முடிச்சுப் போட முடியாது. நாயின் கணக்கில் ஒரு செயலுக்கான பலன் ஓரிரு நொடிக்குள் வந்தாக வேண்டும். அடியால் அவன் கற்றுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: இவர் வீட்டில் இருக்கும்போது கடிப்பது ஆபத்து, இல்லாதபோது நிம்மதி.

வாயிலிருந்து பொருளைப் பிடுங்குவதில் இன்னொரு கேடு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு விடலை நாய் நான்கு நாளாக வாந்தி. வயிற்றைத் தொட்டால் முனகியது, முன்னங்காலை நீட்டிப் படுத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றது. சிறுகுடலைத் திறந்து எடுத்ததை ட்ரேயில் போட்டுக் கழுவினேன். குழந்தையின் காலுறை, அதில் மஞ்சள் வாத்து ஒன்று அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நாய் பசிக்கு அதைத் தின்னவில்லை. காலுறையைத் தூக்கினாலே வீட்டில் நான்கு பேரும் துரத்துவார்கள், வாயைப் பிளந்து எடுப்பார்கள். ஒரு நாள் அது ஓடுவதற்குப் பதிலாக விழுங்கிவிட்டது. பறிபோகும் என்று தெரிந்த பொருளைப் பாதுகாக்க வயிற்றைவிட நல்ல பெட்டகம் ஏது? சில நாய்கள் விழுங்காமல் உறுமும், பிறகு கடிக்கும். இரண்டுமே நாம் கற்றுக்கொடுத்தவை.

இதற்கு மாற்று, ‘விடு’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுப்பது. அவன் திருடிய நேரத்தில் அல்ல, அவனுடைய சொந்த ரப்பர் பொம்மை வாயில் இருக்கும்போது பழக்குங்கள். அவனுக்கு மிகவும் பிடித்த தின்பண்டத் துணுக்கு ஒன்றைக் கையில் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மூக்குக்கு முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். கையை நகர்த்த வேண்டாம், பொம்மையைத் தொடவும் வேண்டாம். முதலில் மெல்வது நிற்கும். நாசி இரண்டும் துடிக்கும். கண் உங்கள் கைக்கும் பொம்மைக்கும் போய்வரும். பிறகு தாடை லேசாகத் தொங்கும், பொம்மை தானாக நழுவும். நழுவுகிற அந்த நொடியில் ‘விடு’ என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில். துணுக்கைக் கொடுங்கள். அடுத்துத்தான் முக்கியமான வேலை இருக்கிறது, நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்: பொம்மையை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் இழப்பு இல்லை, லாபம்தான் என்று அவன் மனதில் பதிய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம். ஒரு வாரத்தில் சொல்லைக் கேட்டதுமே விட ஆரம்பிப்பான், அப்புறம் நிஜமான செருப்பில் சோதிக்கலாம். அதற்கு முன்பே ஏதாவது ஆபத்தான பொருளைத் தூக்கிவிட்டால் துரத்தாதீர்கள். எதிர்ப்பக்கமாக நடந்து போய் ஒரு கைப்பிடி தீனியைத் தரையில் சிதறுங்கள். அவன் பொறுக்க வரும்போது இன்னொருவர் மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

கசப்பு ஸ்ப்ரே பற்றிக் கோபம் வேண்டாம். சில நாய்க்குப் பிடிக்காது, சில நாய்க்கு அதுவும் ஒரு ருசி. காய்ந்தால் வீரியம் போய்விடும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். மிளகாய்த் தூள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் ஏறினால் அது சித்திரவதை.

இனி, நான் தள்ளித் தள்ளி வைத்த கதவு. ‘வாசல் கதவின் கீழ்ப்பக்கத்திலும் கொஞ்சம் பிராண்டி வைத்திருக்கிறான்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கருத்தடைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் கனமான வரி அதுதான். பொழுது போகாமல் கடிக்கிற நாய் ருசியானதைக் கடிக்கும், செருப்பு, சோபா, தலையணை என்று. நீங்கள் வெளியேறிய கதவையும் நிலையையும் ஜன்னல் ஓரத்தையும் குறிவைக்கிற நாய் பெரும்பாலும் பொழுதுபோக்கவில்லை, உங்கள் பின்னாலேயே வரப் பார்க்கிறது. தனிமையில் வரும் பதற்றம் அது. ஜாக்கிக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கண்டுபிடிப்பது சுலபம். பழைய கைபேசி ஒன்றை அலமாரி மேல் வீடியோ ஓடவிட்டு வைத்துவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது உறைய வைத்த அந்த ரப்பர் பொம்மையையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்து முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துவிட்டுப் பொம்மையை நக்கி, தூங்கி, பன்னிரண்டு மணிக்கு எழுந்து சோம்பல் முறித்துவிட்டு சோபாப் பக்கம் போகிறானா? நல்லது, வெறும் சலிப்பு. மேலே சொன்னவற்றோடு, தனியாக இருக்கும் நேரத்தில் வீடு முழுக்கச் சுற்றவிடாமல் கடிக்க ஒன்றும் இல்லாத ஓர் அறையிலோ தடுப்பு வைத்த இடத்திலோ விட்டால் போதும். தண்ணீர், படுக்கை, கடிசாமான் இரண்டு. ஒவ்வொரு முறை சோபாவைக் கடிக்கும்போதும் அந்தப் பழக்கத்துக்கு அவன் பயிற்சி எடுக்கிறான், அந்த வாய்ப்பைத் தராமல் இருப்பதே பாதி வைத்தியம். முடிந்தால் நடுவில் ஒரு முறை யாராவது வந்து வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். இந்த வயதுக்கு நான்கு மணி நேரம் கொஞ்சம் நீளம்தான்.

மாறாக, கதவு மூடியதிலிருந்து மூச்சு இரைக்க அங்குமிங்கும் நடக்கிறான், ஊளையிடுகிறான், தரை நனையும்படி எச்சில் ஒழுகுகிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறான், பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நீங்கள் உள்ளே வந்ததும் ஓடிப்போய் அதை வெறியோடு தின்கிறான் என்றால் அது வேறு. இந்த நாயைச் சின்ன அறையிலோ கூண்டிலோ பூட்டாதீர்கள். பல்லும் நகமும் உடையும்வரை போராடுகிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடியோவோடு, நாய் நடத்தையில் அனுபவமுள்ள மருத்துவரைப் பாருங்கள். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று அவன் பதறுவதற்குள் திரும்பி வந்து நேரத்தை நீட்டிப் பழக்க வேண்டும். பழகி முடியும்வரை முழுத் தனிமையைத் தவிர்க்க வேண்டும். பேரனையும் மாமியாரையும் சில வாரம் உங்கள் வீட்டுக்கே வரவழைக்க முடியுமா என்று நாத்தனாரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் ஃப்ளூவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்ற மாத்திரைகளும் இதற்கென்றே நாய்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. அவை மயக்கி வைக்கிறவை அல்ல, பலன் தெரியச் சில வாரம் ஆகும். மருத்துவர் எழுதித் தராமல் மனிதர்களுக்கான மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். தலைவலிக்கு நாம் போட்டுக்கொள்கிற சாதாரண மாத்திரையே நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: கிழிப்பது வேறு, விழுங்குவது வேறு. சோபாப் பஞ்சு தரையில் கிடந்தால் நிம்மதி. பஞ்சு குறைகிறது, மலத்தில் துணி வருகிறது, மண்ணும் கல்லும்கூடத் தின்கிறான் என்றால் மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். குடல் புழுவோ செரிமானக் கோளாறோ இருக்கலாம். வாந்தி தொடர்ந்தாலும், சாப்பாட்டைத் தொடாவிட்டாலும், மலம் போகாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள், மறுமுனை குடலுக்குள் எங்கே மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கருத்தடை? செய்வதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, எந்த வயதில் என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். கடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து, துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று கணவர் கேட்பார், பெரும்பாலான வீடுகளில் கேட்கிறார்கள். சோபாவுக்கு இரண்டு மூலை இருக்கிறது, அதனால் வேண்டாம். ஜாக்கியை யாருக்காவது கொடுப்பது பற்றிக் கணவர் ஆறு வாரம் பேசாமல் இருக்கச் சம்மதிப்பாரா? அந்த ஆறு வாரமும் பேப்பரைப் படிக்க மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். கொடுத்தாலும், வாங்குகிறவர் வீட்டிலும் செருப்பு இருக்கும். தனிமைப் பதற்றம் உள்ள நாயாக இருந்தால் வீடு மாறுவதே அதற்கு இன்னோர் அடி.

சோபாவுக்குப் புது உறை இப்போது தைக்காதீர்கள். அவனுக்கு ஒன்றரை வயது ஆகட்டும். அதுவரை கிழிந்த மூலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, பிதுங்கிய பஞ்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். அப்புறம் அந்த அரை மணி நேர வீடியோவைப் பார்த்துவிட்டு, ரப்பர் பொம்மையை எத்தனை மணிக்குத் தொட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.